அடையாற்றுப் படுகையின் நீண்டகால நீர் வரவு-செலவு: மீதியைச் ‘செறிவூட்டல்’ என்று எழுதலாமா?

#1 ஈரநிலம்

எல்லோருக்கும் வணக்கம். முதுநிலைப் படிப்பின் ஆய்வுக்காக அடையாற்றுப் படுகைக்கு முப்பது வருஷ நீர் வரவு-செலவுக் கணக்கு போட்டுக்கொண்டிருக்கிறேன். ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளில் தொடங்கி, முடிச்சூர், திருநீர்மலை, அனகாபுத்தூர், மணப்பாக்கம், சைதாப்பேட்டை வழியாக முகத்துவாரம் வரை, 42 கி.மீ. சொச்சம். படுகைப் பரப்பு 530 ச.கி.மீ. என்று எடுத்திருக்கிறேன்.

ஆண்டு மழை 1,400 மி.மீ. ஆவியாகக்கூடிய உச்ச அளவை 1,700 என்று வைத்து டர்க்–பைக் சூத்திரத்தில் போட்டால், உண்மையில் ஆவியாவதும் செடிகொடிகள் வழியாகப் போவதுமாகச் சேர்த்து 1,080 வருகிறது. வளைவெண் முறையில் (மண்ணும் நிலப்பயனும் மழையில் எவ்வளவை ஓட விடும் என்பதற்கு ஒரு எண் கொடுக்கும் முறை; எண் கூடினால் ஓட்டம் கூடும்) மேற்பரப்பு ஓட்டம் 220. மீதி 100 மி.மீ. இதை நிலத்தடி நீர்ச் செறிவூட்டல் (மண்ணில் இறங்கி நிலத்தடி நீரோடு சேர்வது) என்று எழுதிவிடலாமா? வழிகாட்டி ஆசிரியர் சரி என்கிறார். எனக்குத்தான் உறுத்துகிறது. கழித்துக் கழித்து மிஞ்சியதற்கு ஒரு பெயர் வைத்த மாதிரி இருக்கிறது.

#2 மழைமானி

உறுத்துறது நியாயம்தான். முதல்ல அந்த 1,400ஐப் பாருங்க. அது சென்னை நகரத்தோட நெடுநாள் சராசரி. அதுல அறுபது சதவீதம், சில ஊர்ல அதுக்கும் மேல, அக்டோபர்–டிசம்பர்ல கொட்டிடும். 2015ல நுங்கம்பாக்கத்துல ஆண்டு மழை 2,000ஐத் தாண்டிச்சு. 2018ல வடகிழக்குப் பருவமழை சென்னையில பாதிக்கு மேல பொய்ச்சுது. ‘சராசரி ஆண்டு’ன்னு ஒண்ணு நம்ம ஊருக்கு வந்ததே இல்ல.

டர்க் மாதிரி சூத்திரத்துல சராசரியைப் போட்டு விடை எடுக்கறதும், முப்பது வருஷத்துக்கும் தனித்தனியா போட்டு விடைகளைச் சராசரி எடுக்கறதும் ஒண்ணு ஆகாது. கோடு வளைஞ்சு போற சூத்திரம் அது. மழை மூணு மாசத்துல கொட்டி, வெயில் ஆறு மாசம் காயுற ஊருக்கு ஆண்டுக் கணக்கே கொஞ்சம் முரடு. மாசக் கணக்கா போடுங்க. தார்ன்த்வெயிட்–மாதர் முறையே போதும்: மண்ணுல எவ்வளவு ஈரம் தங்கும்னு ஒரு எண் வச்சு, மாசாமாசம் வரவு, செலவு, இருப்பு.

இன்னொண்ணு: நுங்கம்பாக்கம் இந்தப் படுகையில இல்லவே இல்ல. தாம்பரம், மீனம்பாக்கம், செம்பரம்பாக்கம், ஸ்ரீபெரும்புதூர் மானிகளை எடுத்து தீசன் பலகோணம் (எந்த இடம் எந்த மானிக்குக் கிட்ட இருக்குன்னு பரப்பைப் பிரிக்கறது) போட்டு எடை கொடுங்க. 2015 டிசம்பர் 1 காலையிலேர்ந்து மறுநாள் காலை 8.30 வரைக்கும் தாம்பரத்துல 49 செ.மீ., செம்பரம்பாக்கத்துல 47, மீனம்பாக்கத்துல 35, நுங்கம்பாக்கத்துல 29. ஒரே மழை, ஒரே நாள், இவ்வளவு வித்தியாசம்.

#3 கலங்கல்_ஓரம்

நீர்வளப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். தம்பி, உங்கள் சந்தேகம் நல்ல சந்தேகம். அதை விட்டுவிடாதீர்கள்.

மழைமானி மழையைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் எல்லையைப் பற்றிச் சொல்கிறேன். 530 ச.கி.மீ. என்று எடுத்திருக்கிறீர்கள். அதில் செம்பரம்பாக்கத்தின் நீர்ப்பிடிப்பு உண்டா, இல்லையா? அதையும் சேர்த்தால் 800க்கு மேல் போகும். ஒரு அறிக்கையில் ஒரு எண்ணும் இன்னொன்றில் வேறு எண்ணும் இருப்பதற்குக் காரணம் இதுதான். இரண்டும் தவறில்லை, கலந்து போட்டால்தான் தவறு. ஓட்டத்தை ஒரு எல்லையிலும் மழையை வேறொரு எல்லையிலும் எடுத்த கணக்குகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

என் யோசனை: செம்பரம்பாக்கத்தை வெளியே வையுங்கள். அந்த ஏரி 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு. அதில் இருப்பது அங்கே பெய்த மழை மட்டுமில்லை. பூண்டியிலிருந்து இணைப்புக் கால்வாய் வழியாகக் கிருஷ்ணா தண்ணீரும் வந்து சேர்கிறது. அங்கிருந்து சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய், குழாயில் நகரத்துக்குப் போகிறது. அதையெல்லாம் உங்கள் கணக்குக்குள் இழுத்தால் ஒரு ஆற்றின் கணக்கை எழுத மூன்று ஆறுகளின் கணக்கு வேண்டும். அணைக்கட்டுக்குக் கீழே கோடு போடுங்கள். மதகு வழியாகத் திருநீர்மலை பக்கம் வந்து சேரும் உபரி நீரை மட்டும் ‘வெளியிலிருந்து வரவு’ என்று ஒரு வரியில் எழுதுங்கள். அந்த அளவு ஏரிப் பதிவேட்டில் நாள்வாரியாக இருக்கும்.

அப்புறம் ஆண்டுத் தொடக்கம். ஜனவரி–டிசம்பர் வேண்டாம். டிசம்பர் 31 அன்று நம் பக்கம் ஏரி, தாங்கல், கிணறு எல்லாம் தளும்பி நிற்கும். அந்த இருப்பு வருஷத்துக்கு வருஷம் பயங்கரமாக மாறும். ஜூன்–மே என்று வையுங்கள். மே கடைசியில் எல்லா ஏரியும் தரை தெரியக் கிடக்கும்; இருப்பு மாற்றம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வரும். முப்பது வருஷக் கணக்கின் முதல் மேயும் கடைசி மேயும் ஏறத்தாழ ஒரே வறட்சியில் இருக்கும்படி தேர்ந்தெடுத்தால் இன்னும் நல்லது.

#4 முடிச்சூர்வாசி

கணக்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா 2015ல எங்க தரைத்தளம் மூழ்கினதுக்கு ஏரியைத் திறந்து விட்டதுதானே காரணம்? அதை முதல்ல எழுதுங்க. எங்க தெருவுல கார்மேல தண்ணி நின்னுச்சு.

#5 மழைமானி

மேடம், கோபம் புரியுது. ஆனா ஏரி உபரி சேர்ற இடம் திருநீர்மலை. முடிச்சூர், வரதராஜபுரம் அதுக்கு மேல இருக்கு. உங்க தெருவுக்கு வந்தது ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம், பெருங்களத்தூர் பக்கத்துத் தண்ணி.

அளவு பாருங்க. செம்பரம்பாக்கத்துல அந்த ராத்திரி உச்சமா விநாடிக்கு 29,000 கன அடி. நாள் முழுக்க அதே வேகத்துல போயிருந்தா கூட 2.5 டி.எம்.சி.தான் (2,500 மில்லியன் கன அடி). 530 ச.கி.மீ.ல சராசரியா 40 செ.மீ. பெஞ்சதுன்னு வச்சுக்கிட்டா அந்த மழை மட்டும் 7.5 டி.எம்.சி. அதாவது ரெண்டு செம்பரம்பாக்கம்.

#6 கலங்கல்_ஓரம்

மொத்த அளவு வேறு, உச்சம் எந்த மணிக்கு வந்தது என்பது வேறு. மேலிருந்து வரும் வெள்ளத்தின் உச்சமும் ஏரி உபரியின் உச்சமும் ஒரே நேரத்தில் சைதாப்பேட்டையைத் தொட்டால் என்ன ஆகும் என்பதை ஆண்டு வரவு-செலவு சொல்லாது. அதற்கு மணிக்கணக்கு வேண்டும். திருநீர்மலைக்குக் கீழே இருந்தவர்களின் கேள்வி நியாயமான கேள்விதான். இந்தக் கணக்கில் அதற்கு விடை கிடைக்காது.

#7 நெறியாளர்

2015 வெள்ளப் பொறுப்பு பற்றித் தனி இழை ஏற்கெனவே நானூறு பதிவு தாண்டி ஓடுகிறது. அங்கே தொடரவும். இங்கே நீண்டகாலக் கணக்கு மட்டும்.

#8 ஈரநிலம்

மிக்க நன்றி சார், மழைமானி அண்ணா. எல்லையை மாற்றிப் போடுகிறேன்.

ஆவியாதல் பகுதிதான் குழப்பம். உச்ச அளவை 1,500 என்று வைத்தால் விடை 1,020 சொச்சம். 1,900 என்று வைத்தால் 1,130க்குப் பக்கம். எதை எடுப்பது? வளைவெண்ணிலும் அதே கதை. காலி மனையை வீட்டு மனை என்று போடுவதா, புல்வெளி என்று போடுவதா என்றே தெரியவில்லை.

#9 கலங்கல்_ஓரம்

இப்போதுதான் விஷயத்துக்கு வந்திருக்கிறீர்கள். 1,130க்கும் 1,020க்கும் உள்ள வித்தியாசத்தை 530 ச.கி.மீ.யால் பெருக்கிப் பாருங்கள். ஏறக்குறைய 2 டி.எம்.சி. செம்பரம்பாக்கத்தில் பாதிக்கு மேல். உங்கள் ‘செறிவூட்டல்’ மொத்தமே 100 மி.மீ. ஆவியாதலில் யார் எந்த எண்ணை எடுத்தார் என்பதிலேயே அந்த 100 முழுசாக வரும், முழுசாகப் போகும். பெரிய எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழித்துச் சின்ன எண் எடுத்தால் பிழையெல்லாம் அந்தச் சின்ன எண்ணில்தான் குடியேறும். அதனால்தான் மீதியைச் செறிவூட்டல் என்று எழுதக் கூடாது என்கிறேன். ‘கணக்கில் பொருந்தாத மீதி’ என்று எழுதுங்கள். செறிவூட்டலைத் தனியாக, கிணற்றிலிருந்து கணக்கிடுங்கள். இரண்டும் பக்கத்தில் வந்தால் சந்தோஷப்படலாம்.

#10 குறுக்குக்கேள்வி

எதுக்கு இவ்வளவு கஷ்டம்? செயற்கைக்கோள் தரவு இலவசமா கிடைக்குது. ஆவியாதலுக்கு மோடிஸ், நிலத்தடி நீருக்கு கிரேஸ். ஒரு ராத்திரியில பைத்தான்ல முடிச்சுடலாம்.

#11 ஈரநிலம்

மோடிஸ் போட்டுப் பார்த்தேன். நகரப் பகுதிக் கட்டங்களுக்கு அதில் ஆவியாதல் மதிப்பே கிடையாது, நிரப்பு எண்தான் இருக்கும். பல்லாவரம், பம்மல், தாம்பரம் எல்லாம் ஓட்டையாக வருகிறது. புறநகர்ப் படுகைக்கு எங்கே வேண்டுமோ அங்கே இல்லை.

#12 கலங்கல்_ஓரம்

கிரேஸ் லட்சக்கணக்கான ச.கி.மீ. பரப்புக்கு. கங்கைச் சமவெளிக்குச் சரி. 530 ச.கி.மீ.க்கு அதை வைத்துச் சொல்வது, ரயில் எடை போடும் மேடையில் கொத்தமல்லிக் கட்டை நிறுத்த மாதிரி.

#13 மழைமானி

வளைவெண்ணைப் பத்தி ஒரு விஷயம். எல்லாரும் ‘கான்கிரீட் ஆகிடுச்சு, அதான் வெள்ளம்’னு சொல்றாங்க. கணக்கு வேற மாதிரி பேசுது. ஆரம்ப இழப்பு (ஓட்டம் தொடங்குறதுக்கு முன்னாடி மண்ணு குடிக்கிற பங்கு) வழக்கமான 0.2ன்னு வச்சுப் போட்டேன்.

40 மி.மீ. மழை. வளைவெண் 70 (பழைய புஞ்சை, மேய்ச்சல்): ஓட்டம் 2.6 மி.மீ. வளைவெண் 90 (நெருக்கமான வீட்டு மனை): 19 மி.மீ. ஏழு மடங்கு!

490 மி.மீ. மழை. 70க்கு 380. 90க்கு 458. அஞ்சுல ஒரு பங்குதான் கூடுது.

அதனால பெருமழையன்னிக்கு மண்ணு எப்படி இருந்தாலும் தண்ணி ஓடத்தான் செய்யும். கட்டடம் வந்ததால நீண்டகாலக் கணக்குல நிஜமா மாறினது ஆகஸ்ட், செப்டம்பர் ராத்திரிகள்ல பெய்யுற சின்ன மழை. முன்னாடி மண்ணுல இறங்கி, அப்புறம் செடி வழியா போன தண்ணி இப்ப சாக்கடைக்குப் போகுது. வெள்ளம்னு யாரும் பேச மாட்டாங்க, ஆனா வருஷம் முழுக்கச் சேர்த்தா அதுதான் பெருசு. (ஆத்தோட அகலம், வாய்க்கால்ல நிக்குற வீடு, கலங்கலை, அதாவது ஏரியோட உபரி நீர் வழியை, அடைச்சது, இதெல்லாம் வெள்ளத்துக்குக் காரணம் இல்லன்னு நான் சொல்லல. அது வேற கணக்கு.)

முப்பது வருஷத்துக்கும் ஒரே வளைவெண் போட்டிருக்கீங்களா? 1995 பெருங்களத்தூரும் இப்ப இருக்கிற பெருங்களத்தூரும் ஒண்ணா? குறைஞ்சது மூணு காலத்துக்கு மூணு நிலப்பயன் வரைபடம் வச்சுக்கங்க.

#14 சோமங்கலம்_நஞ்சை

நான் படிச்சவன் இல்லீங்க, எங்க மவன் காட்டினான் இந்தப் பேச்சை. ஏரிப் பாசனம் பண்ணினவன்னு ஒரு வார்த்தை சொல்றேன்.

உங்க கணக்குல ஏரித் தண்ணி எங்க போகுதுன்னு போட்டிருக்கீங்க? அந்தக் காலத்துல மதகு திறந்தா நவரை நெல்லுக்குப் போவும். வயல்ல நிக்கும், பாதி கீழ எறங்கும், கிணத்துல ஊத்து எடுக்கும். இப்ப ஆயக்கட்டு முச்சூடும் பிளாட்டு. மதகு துருப்புடிச்சுக் கெடக்குது, தொறக்க ஆளு இல்ல, தொறந்தா வீட்டுக்காரங்க சண்டைக்கு வர்றாங்க. தண்ணி ஏரியிலேயே கெடந்து சித்திரை வெயில்ல காஞ்சு போவுது. இன்னொரு பக்கம் ஏரி ரொம்பினா வீட்டுக்குள்ள தண்ணி வருதுன்னு ராத்திரியில கலங்கலை ஒடச்சு உட்ருவாங்க. அதுவும் நடக்குது. ஒரே ஏரிக்கு ரெண்டு சோலியும்.

வண்டல் எடுக்காததால தரை இறுகிப்போயி முன்ன மாதிரி தண்ணி எறங்கறதும் இல்ல.

#15 கலங்கல்_ஓரம்

ஐயா சொன்னதைத் தம்பி அப்படியே ஆய்வறிக்கையில் ஒரு பிரிவாக எழுத வேண்டும். ஏரிக்கென்று தனி வரி வையுங்கள். மத்திய நிலத்தடி நீர் வாரிய வழிமுறையில், ஏரியில் தண்ணீர் நிற்கும் நாட்களுக்கு நாளொன்றுக்கு 1.4 மி.மீ. கீழே இறங்குவதாகச் சராசரி நீர்ப்பரப்பை வைத்துப் போடுவது வழக்கம். ஆனால் அதே ஏரியிலிருந்து மேலே ஆவியாவது அதைப்போலப் பல மடங்கு. ஏரி நிரம்பி நிற்கிறது என்றாலே நிலத்தடி நிரம்புகிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நூறு ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ள ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்துப் பொறுப்பு. அவற்றின் அளவுப் பதிவு சரியாக இருக்காது. நீர்ப்பரப்பைச் செயற்கைக்கோள் படத்திலிருந்து எடுங்கள். அந்த வேலைக்கு அது அருமையான கருவி, குறுக்குக்கேள்வி தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம்.

#16 முடிச்சூர்வாசி

எங்க குடியிருப்போர் சங்கத்துல கணக்கு எழுதறது நான்தான். கோடையில லாரித் தண்ணி வாங்குறோம். அது எங்கிருந்து வருதுன்னு கேட்டா ஒரு நாள் மண்ணிவாக்கம் வயல் கிணறு, ஒரு நாள் இன்னும் தெற்கே எங்கேயோ. போர் தண்ணியும் ஓடுது. செப்டிக் டேங்க் எடுக்க லாரி வருது. இதெல்லாம் உங்க கணக்குல எந்த வரியில வருது?

#17 கலங்கல்_ஓரம்

அம்மா, இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி இதுதான்.

மழை மட்டுமே வரவு என்று எழுதுவது காட்டு ஆற்றுக்குப் பொருந்தும். புறநகர் ஆற்றுக்குக் குழாயும் லாரியும் வரவு. கணக்குக்காக, படுகைக்குள் 15 லட்சம் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர். வருஷத்துக்கு 74 மில்லியன் கன மீட்டர். அதைப் படுகை முழுக்கப் பரப்பினால் 139 மி.மீ. தம்பி தேடிக்கொண்டிருக்கும் செறிவூட்டலைவிடப் பெரிய எண்!

இதில் எவ்வளவு வெளியிலிருந்து வந்தது என்பதுதான் சூட்சுமம். மண்ணிவாக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் முடிச்சூருக்கு வந்தால் அது படுகைக்குள்ளேயே சுற்றுவது. வரவும் இல்லை, செலவும் இல்லை. சொந்த போர் தண்ணீரும் அப்படியே. பாலாற்றிலிருந்து தாம்பரம், பல்லாவரம் பக்கம் குழாயில் வருவது நிஜமான வரவு. நகரத்துக்குள் வந்தால் வீராணம், கிருஷ்ணா, நெம்மேலி கடல்நீர் எல்லாம் வரவு. பயன்படுத்தியதில் எண்பது சதவீதம் கழிவுநீராகும் என்பது பொறியாளர்கள் வழக்கமாக எடுக்கும் விகிதம். அது எங்கே போகிறது? செப்டிக் டேங்கிலிருந்து உறிஞ்சு குழிக்குப் போனால் நிலத்தடிக்கு. கால்வாயில் விட்டால் ஆற்றுக்கு. பாதாளச் சாக்கடையில் பெருங்குடி நிலையத்துக்குப் போனால் பள்ளிக்கரணை பக்கம், அதாவது வேறு படுகைக்கு. நெசப்பாக்கத்துக்குப் போனால் திரும்ப அடையாற்றுக்கே.

#18 ஈரநிலம்

அப்படியென்றால் கோடையில் அனகாபுத்தூர் பாலத்தின் கீழே ஓடுவது?

#19 கலங்கல்_ஓரம்

கழிவுநீர்தான். பாடப்புத்தகத்தில் ஓட்ட வரைபடத்தின் அடிப்பகுதியைப் பிரித்து ‘நிலத்தடியிலிருந்து ஆற்றுக்கு வரும் அடிப்படை ஓட்டம்’ என்று எழுதச் சொல்வார்கள். இங்கே அதைச் செய்தால் பம்மல், பொழிச்சலூர் குளியலறைத் தண்ணீரை ஊற்றுத் தண்ணீர் என்று எழுதியதாகும். ஒரு அடையாளம் உண்டு: காலை ஏழு, எட்டு மணிக்குப் புறப்படும் கழிவு சில மணி நேரத்தில் பாலத்துக்கு வரும். ஓட்டம் தினமும் ஒரே நேரத்தில் ஏறி இறங்கும். ஊற்று அப்படி மணி பார்த்து வராது.

குளோரைடு அளந்து செறிவூட்டலைக் கண்டுபிடிக்கும் முறை ஒன்று இருக்கிறது, யாராவது சொல்வார்கள். கழிவுநீரில் உப்பு நிறைய. இந்தப் படுகையில் அந்த முறை தப்பான விடை சொல்லிவிடும்.

ஓட்டம் அளக்க நந்தம்பாக்கத்துக்கு மேலேயே ஒரு இடம் பாருங்கள். கோட்டூர்புரம் பக்கம் கடல் ஓதம் ஏறும். போன தண்ணீரே திரும்பி வரும். முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு அடைத்துக்கொண்டால் இன்னும் மோசம்.

#20 குறுக்குக்கேள்வி

சரி, ஒத்துக்கறேன், பைத்தான் மட்டும் போதாது. கிணத்துலேர்ந்து எப்படிக் கணக்குப் போடறீங்க?

#21 கலங்கல்_ஓரம்

மே கடைசியில் ஒரு அளவு, ஜனவரியில் ஒரு அளவு. ஏறிய மீட்டரை அந்த மண்ணின் நீர் தரும் விகிதத்தால் பெருக்க வேண்டும். பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம் சார்னோகைட் பாறை. உளுத்த பாறை மேலே கொஞ்சம்தான். வாரிய வழிமுறையில் உளுத்த கடும்பாறைக்குக் களிமண் அதிகமென்றால் 1.5 சதவீதம், குறைவென்றால் 3. நான்கு மீட்டர் ஏறியிருந்தால் 60 மி.மீ. அல்லது 120. மணற்பாங்கான ஆற்று வண்டலுக்கு 16 சதவீதம் வரை போகலாம். ஆகவே பாறையையும் வண்டலையும் கலந்து சராசரி எடுக்காதீர்கள். மேற்கே ஸ்ரீபெரும்புதூர் பக்கம் களிப்பாறை, அது மூன்றாவது ரகம். மூன்றுக்கும் தனித்தனி.

ஏறியது மட்டும் செறிவூட்டல் இல்லை. அந்த மாதங்களில் இறைத்ததையும் கூட்ட வேண்டும். இறைத்ததற்கு மீட்டர் கிடையாது. இங்கேதான் முடிச்சூர் அம்மாவின் சங்கக் கணக்குப் புத்தகம் வேண்டும்.

#22 முடிச்சூர்வாசி

லாரி ரசீது எல்லாம் மாசவாரியா கோத்து வச்சிருக்கேன். மோட்டார் மின் கட்டண அட்டையும் இருக்கு, அதுலேர்ந்து எத்தனை மணி நேரம் ஓடுச்சுன்னு கிட்டத்தட்ட எடுக்கலாம்னு எங்க எலக்ட்ரீஷியன் சொல்றாரு. வீட்டு எண்ணை மறைச்சுட்டுத் தர்றேன். பக்கத்து ரெண்டு சங்கத்துலயும் கேட்டுப் பாக்கறேன்.

#23 ஈரநிலம்

ரொம்ப நன்றி மேடம். அப்படியானால் அட்டவணை இப்படி: வரவில் மழை, செம்பரம்பாக்கம் உபரி, குழாயில் வெளியிலிருந்து வந்த நீர். செலவில் ஆவியும் செடிகளும், நந்தம்பாக்கத்தைத் தாண்டிய ஓட்டம், வேறு படுகைக்குப் போகும் கழிவுநீர். இருப்பில் ஏரி, மண் ஈரம், கிணறு. கடைசி வரியில் ‘பொருந்தாத மீதி’, அதற்குப் பக்கத்தில் கூட்டல் கழித்தல் குறியோடு பிழை அளவு. செறிவூட்டல் கீழே தனி அட்டவணை.

மே கடைசி வாரம் திறந்த கிணறுகளை நானே அளக்கலாம் என்று இருக்கிறேன். சோமங்கலம் ஐயா, உங்கள் பக்கம் வரலாமா?

#24 சோமங்கலம்_நஞ்சை

தாராளமா வாங்க தம்பி. எங்க கெணறு ஒண்ணு, எங்க சித்தப்பா மவன் கெணறு ஒண்ணு, ரெண்டுமே உறை எறக்காத பழைய கெணறு. ஒண்ணு மட்டும்: வர்றதுக்கு மொத நாளே சொல்லிடுங்க. சாயந்தரத்துலேர்ந்து மோட்டார் போடாம நிறுத்தி வைக்கிறேன், பக்கத்துக் காட்டுக்காரங்களையும் சொல்லி நிறுத்தச் சொல்றேன். விடியக்காலையில கரன்ட் வர்றதுக்கு முன்ன அளந்துடணும். மோட்டார் ஓடிக்கினு இருக்கறப்ப அளந்தா ரெண்டு ஆளு மட்டம் கீழ காட்டும். கெணத்து மேட்டுல பெயின்ட்டுல ஒரு கோடு போட்டுட்டுப் போங்க, தை மாசம் அதே கோட்டுலேர்ந்து அளக்கணும். மேடு ஒரு பக்கம் சரிஞ்சிருக்கு.